பாயிரமும் அவையும்: வெளிவராத விளையாட்டொன்றைப் பற்றிய எதிர்பார்ப்பும் ஐயமும்

நூலொன்று வெளிவந்த பின்னரே அதனைப் பற்றிய திறனாய்வு தோன்றும் என்பது நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணமாகும். படைப்பு முந்தியது, விமர்சனம் பிந்தியது என்னும் இவ்வொழுங்கு மாறாதது என்றே இலக்கிய மாணவர் கருதுவர். ஆயின் நிகழ்பட விளையாட்டுத் துறையில் இவ்வொழுங்கு தலைகீழாகியுள்ளது. 2023 டிசெம்பரில் ரொக்ஸ்டார் நிறுவனம் 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ' வரிசையின் ஆறாவது விளையாட்டுக்கு முதலாவது முன்னோட்டப் படத்தை வெளியிட்டது. அது ஒன்றரை நிமிடமே ஓடுவது. ஒரு நாளைக்குள் ஒன்பது கோடித் தடவைக்கு மேல் அது பார்க்கப்பட்டது. விளையாட்டோ அதன் பின் இரண்டாண்டுகள் கழிந்தும் எவர் கைக்கும் வரவில்லை. எனினும் அதனைப் பற்றிய உரையும் உரைமறுப்பும் உலகெங்கும் பெருகின. வீதியோரத்து விளம்பரப் பலகை யாது, கதைத் தலைவி சிறையிலிருந்தது ஏன், கடற்கரையில் நிற்போர் எத்தனை பேர் என்றெல்லாம் படத்தைத் துண்டுதுண்டாக நிறுத்தி ஆராய்ந்தோர் பலர். இவ்வளவும் ஏமாற்று என்று கூறியோரும் பலர். எழுதப்படாத நூலுக்கு உரை எழுதுகின்ற இவ்விந்தையை இலக்கியத் திறனாய்வின் நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க மலரொன்றில் இதற்கென்ன இடம் என வினவுவோர் இருக்கக்கூடும். ஒரு காலத்தில் சினிமாவைப் பற்றியும் இவ்வாறே வினவினர். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981 இல் தமிழ்த் திரைப்படத்தை ஓர் அரசியல் தொடர்பாடல் ஊடகமாக ஆராய்ந்தபோது, தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகளம் திரையரங்கே என்பதை எடுத்துக்காட்டினார். கலை வடிவத்தின் உயர்வு தாழ்வைப் பற்றிய கேள்வியை விடுத்து, அதன் முன் யார் எவ்வாறு கூடினர் என்னும் கேள்வியை அவர் எழுப்பினார். அக்கேள்வியை இங்கும் எழுப்பலாம்.

நம் மரபில் நூலுக்கு முன்னே நிற்பது பாயிரம். பாயிரமில்லாதது நூலாகாது என்ற அளவுக்கு அதற்கு மதிப்பளித்தவர் நம் இலக்கண ஆசிரியர். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினைச் சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டும் என்பது நன்னூல் வகுத்த நெறி. காலம், களம், காரணம் என மூன்றைச் சேர்த்துப் பதினொன்று என்போரும் உளர். இவ்வளவுகோலை மேற்கூறிய முன்னோட்டத்தின்மீது வைத்துப் பார்ப்பது வேடிக்கையாகத் தோன்றினும் பயனற்றதன்று. நூற்பெயர் உண்டு. வழி உண்டு, முன்னைய ஐந்தின் வழிவந்த நூல் அது. நுதலிய பொருள் அரைகுறையாக உண்டு: லூசியா, ஜேசன் என்னும் இருவர், புளோரிடாவைப் போலச் செய்யப்பட்ட லியோனிடா என்னும் கற்பனை மாநிலம், குற்றமும் காதலும். ஆக்கியோன் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயரே உண்டு. உழைத்த ஆயிரக்கணக்கானோரின் பெயரில்லை. கேட்போர் யார் என்பது கூறப்படவில்லை. கூறப்படாமலே அது தெரியும்: புதிய விளையாட்டுப் பொறியை வாங்க வல்லவரே கேட்போர். காலம் என்பது மாத்திரம் இருமுறை மாறியது. முதலில் 2025 என்றனர். 2025 மேயில் அதனை 2026 மே 26 என்றனர். அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் 2026 நவம்பர் 19 என்றனர்.

இவற்றினும் முக்கியமான வேறுபாடொன்று உண்டு. சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியன் தானே சொல்லலாகாது. அவனுடைய ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், தகுதிவாய்ந்த உரைகாரன் ஆகியோரே அதற்குரியோர். தற்புகழ்ச்சிக்குச் சில விலக்குகளை நன்னூலார் அளித்தாலும் பொது விதி அதுவே. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் பாயிரம் செய்தார். அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு ஐயமற எடுத்துரைக்கப்பட்டது என அப்பாயிரமே கூறுகின்றது. ஆகவே நம் மரபில் நூல் வெளிவருதல் என்பது பாயிரமும் அவையும் சேர்ந்த நிகழ்ச்சி. புகழ்வோன் ஒருவன், வினாவுவோன் ஒருவன், இருவரும் ஆக்கியோனுக்கு வேறானவர். இன்றைய முன்னோட்டத்திலோ ஆக்கியோனே பாயிரம் சொல்கின்றான், விற்போனே புகழ்கின்றான், அவை என்பதே இல்லை. விளையாடுவோரிடையே எழும் ஐயம், இல்லாத அவையை உண்டாக்கிக்கொள்ளும் முயற்சி என்பது என் கருத்து. அதங்கோட்டாசானின் இருக்கை வெறுமையாகக் கிடக்கின்றது. அதிலே அமர முற்படுகின்றனர், முறையான பயிற்சியில்லாத இலட்சக்கணக்கானோர்.

அவர்கள் வீணே ஐயுறுகின்றனர் எனக் கூறுவதற்கில்லை. போலந்து நாட்டின் வார்சோ நகரைத் தளமாகக் கொண்ட சிடி புரொஜெக்ட் நிறுவனம் 'சைபர்பங்க் 2077' என்னும் விளையாட்டை 2012 இல் அறிவித்தது. 2013 சனவரியில் வந்த முன்னோட்டத்தில், ஆயத்தமானதும் வரும் என்பதற்கு மேல் காலம் குறிக்கப்படவில்லை. அந்த அடக்கமே நம்பிக்கையை வளர்த்தது எனலாம். 2019 இல் நடிகர் கியானு ரீவ்ஸ் மேடையில் தோன்றியபோது எதிர்பார்ப்பு உச்சத்தை அடைந்தது. பின்னர் 2020 ஏப்பிரல் 16 என்றனர். செப்டெம்பர் 17 என்றனர். நவம்பர் 19 என்றனர். அக்டோபர் தொடக்கத்தில் பணி முற்றுப்பெற்றது என அறிவித்தார்கள். அம்மாதம் முடிவதற்குள் மீண்டும் மூன்று வாரம் தள்ளி வைத்தார்கள். டிசெம்பர் 10 ஆந் திகதி அது வெளிவந்தபோது எண்பது இலட்சம் பேர் முற்பதிவு செய்து பணமும் செலுத்தியிருந்தனர்.

நடந்தது யாவரும் அறிந்ததே. எனினும் அதில் விமர்சகருக்கு நேர்ந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்க்கு அனுப்பப்பட்ட பிரதி மேசைக் கணினிக்குரியது மாத்திரமே. பழைய பொறிகளுக்குரிய பிரதி எவருக்கும் அனுப்பப்படவில்லை. தாம் விளையாடியபோது பதிந்த காட்சிகளை விமர்சகர் வெளியிடவும் தடை இருந்தது. நிறுவனம் தந்த காட்சிகளையே அவர்கள் பயன்படுத்த வேண்டியிருந்தது. அவையைக் கூட்டி, வினாவுவோனின் வாயைக் கட்டிவிட்டு, ஐயமற எடுத்துரைத்தாயிற்று என்று சொல்வதற்கு இது ஒப்பாகும். பழைய பொறிகளில் விளையாட்டு அடிக்கடி நின்றது, உருவங்கள் சிதைந்தன. ஒரு வாரத்தில் சோனி நிறுவனம் தன் விற்பனைத் தளத்திலிருந்து அதனை நீக்கிப் பணத்தைத் திருப்பியளித்தது. அது மீண்டும் அங்கே விற்பனைக்கு வந்தது 2021 யூனில். இங்கே ஏமாற்றப்பட்டோர் யார் என்பது மனங்கொளத்தக்கது. புதிய பொறி வாங்க வசதியற்று ஏழாண்டுக்கு முந்திய பொறியை வைத்திருந்தோரே பெரிதும் ஏமாந்தனர்.

2023 செப்டெம்பரில் பெருந்திருத்தங்களோடு அவ்விளையாட்டு புத்துருப் பெற்றது. இன்று பலராலும் பாராட்டப்படுகின்றது. அவ்வாறாயின் 2020 இல் ஐயங்கொண்டோர் சரியா, நம்பியோர் சரியா? ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்ட உ. வே. சாமிநாதையர் வழிவந்த நமக்கு இவ்வினா புதிதன்று. எப்பிரதியை எந்நாளில் படித்தாய் என்று கேட்காமல் இத்தகைய படைப்பைப் பற்றி எதுவும் கூறவியலாது. பிரித்தானியாவின் ஹலோ கேம்ஸ் என்னும் சிறு குழு 2016 இல் வெளியிட்ட 'நோ மான்ஸ் ஸ்கை' விளையாட்டின் வரலாறும் இதுவே. வாக்களித்தவற்றுள் பல முதலில் இல்லை. ஆண்டுகள் சென்றபின் ஒவ்வொன்றாக வந்தன. பின்னர் திருத்தப்பட்டமை முன்னர் சொன்ன பொய்யை மெய்யாக்கிவிடுமா என்பது வேறு கேள்வி. ஆக்கிவிடாது என்பது என் துணிபு.

இவ்விடத்தில் ஜேர்மனிய அறிஞர் ஹான்ஸ் ரொபேர்ட் யவுஸ் 1967 இல் முன்வைத்த 'எதிர்பார்ப்புத் தொடுவானம்' என்னும் கருத்து துணைபுரியும். வாசகன் வெறுமையோடு நூலை அணுகுவதில்லை. தான் முன்பு படித்தவை, அறிந்த இலக்கிய வகைகள், வாழ்ந்த வாழ்க்கை ஆகியவற்றாலான ஒரு தொடுவானத்தோடு அணுகுகின்றான். நூல் அத்தொடுவானத்தை மீறும்போது கலையனுபவம் பிறக்கின்றது; அதனை நிறைவேற்றுவதோடு நின்றுவிடும் நூல் வெறும் நுகர்பொருளை அண்மிக்கின்றது. யவுஸ் கூறிய தொடுவானம் முன்னைய நூல்களால் தானாக அமைவது. இன்றைய விளையாட்டுச் சந்தையிலோ தொடுவானமே உற்பத்தி செய்யப்படுகின்றது. படைப்பை உருவாக்கும் செலவோடு எதிர்பார்ப்பை உருவாக்கும் செலவும் கணக்கிலிடப்படுகின்றது. தான் வரைந்த தொடுவானத்தைத் தானே எட்டமுடியாமல் நிறுவனம் தடுமாறுவதையே நாம் 'ஏமாற்றம்' என அழைக்கின்றோம்.

உற்பத்தி செய்யப்பட்ட எதிர்பார்ப்புக்கு நம் அயலிலேயே தெளிவான சான்றுண்டு. 2020 செப்டெம்பர் 2 ஆந் திகதி இந்திய அரசு 'பப்ஜி' உட்பட 118 செயலிகளைத் தடைசெய்தது. இரண்டு நாட்களில் நடிகர் அக்‌ஷய் குமார் 'ஃபௌஜி' என்ற விளையாட்டை அறிவித்தார். பெங்களூரின் என்கோர் நிறுவனம் அதன் தயாரிப்பாளர். படைவீரன் எனப் பொருள்படும் இந்திச் சொல்லின் ஓசையைப் பெயர் தாங்கியிருந்தது. நிகர வருமானத்தில் ஐந்திலொரு பங்கு வீரர் குடும்ப நிதிக்குச் செல்லும் என்றனர். அவ்வாண்டு யூனில் இருபது இந்திய வீரர் மாண்ட கல்வான் பள்ளத்தாக்கு முன்னோட்டத்தின் களமாயிற்று. வெளியீட்டு நாள் 2021 சனவரி 26, குடியரசு நாள். நன்னூலார் எட்டினுள் சேர்க்காத 'காரணம்' என்ற பாயிர உறுப்பு மற்றெல்லா உறுப்புகளையும் விழுங்கிவிட்டது போலும். விளையாட்டு எத்தகையது என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்பட்டது. பப்ஜிக்கு மாற்றாக இது வரவில்லை எனத் தயாரிப்பாளர் கூறியதும் உண்டு. ஆயின் அச்சொல் எவர் காதிலும் ஏறவில்லை. கையாலும் தடியாலும் பகைவரை அடித்து முன்னேறும் ஒருவர் கதையாக அது வந்தபோது, பலர் கூடிச் சுடும் ஆட்டத்தை எதிர்பார்த்திருந்தோர் கொதித்தனர். சில நாட்களில் அதன் மதிப்பீடு ஐந்துக்கு மூன்று என்ற அளவுக்குச் சரிந்தது. நாட்டுப்பற்றே விளம்பரமாகும்போது ஐயங்கொள்பவன் விளையாட்டை ஐயுறுவதாகக் கருதப்படுவதில்லை. வேறெதனையோ ஐயுறுவதாகக் கருதப்படுகின்றான். அவையின் வாயைக் கட்டும் இன்னொரு வழி இது. வார்சோ நிறுவனத்தின் ஒப்பந்தத் தடையைவிட வலியது.

இனி, எதிர்பார்ப்போனின் பக்கத்துக்கு வருவோம். உலகெங்கும் காத்திருப்போர் ஒரே கூட்டத்தினர் என்ற தோற்றம் பொய்யானது. மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவப் பகுதியை எடுத்துக்கொள்வோம். மாத்தளையிலிருந்தோ வத்தேகமையிலிருந்தோ மலைப்பாதை வளைந்தேற, தேயிலையும் மிளகும் கலந்த தோட்டங்களும் ஹுணஸ் நீர்வீழ்ச்சியும் அமைந்த இடம் அது. தோட்டத்து இளைஞர் பலர் கொழும்புக் கடைகளில் வேலைசெய்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் திரும்புகின்றனர். கைத்தொலைபேசி ஒன்றே அவர்கள் அறிந்த விளையாட்டுப் பொறி. எனினும் ஆறாவது விளையாட்டின் முன்னோட்டத்தை அவர்களும் அதே நாளில் பார்த்தனர். அதே வினாக்களை எழுப்பினர். பெரு விளையாட்டுகளுக்கு இன்று வழக்கமாகிவிட்ட விலை 70 அமெரிக்க டொலர். டொலரை ஏறத்தாழ 300 ரூபாவெனக் கொண்டால் 21,000 ரூபா. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்கூலியில் அது பதினைந்தரை நாள் உழைப்பு. பொறியின் விலை இதில் சேராது. முன்னோட்டம் இலவசம், விளையாட்டு பதினைந்தரை நாள். பாயிரம் யாவர்க்கும் பொது, நூல் சிலர்க்கே உரியது என்னும் நிலை இது.

இவ்விளைஞரிடையே காணப்படும் ஐயத்தின் தொனி வேறுபட்டது. மேலைநாட்டு ஆட்டக்காரன் பணம் வீணாகுமே என ஐயுறுகின்றான். இவர்கள் தேதிகளையே நம்புவதில்லை. "வரட்டும், பாத்துக்குவோம். சம்பள ஒயர்வே சொன்ன தேதிக்கு வரலியே, அண்ணே" என ஓர் இளைஞர் என்னிடம் கூறியது வெறும் நகைச்சுவையன்று. ஆயிரம் ரூபா நாட்கூலிக் கோரிக்கை 2015 அளவில் எழுந்து 2021 மார்ச்சிலேயே நடைமுறைக்கு வந்தது. 2024 மே முதலாந் திகதி அறிவிக்கப்பட்ட 1,700 ரூபா நீதிமன்றம் வரை சென்று, செப்டெம்பரில் 1,350 ஆயிற்று. அறிவிப்புக்கும் நிகழ்வுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க இவர்களுக்கு யவுஸ் தேவையில்லை. இவர்களது எதிர்பார்ப்புத் தொடுவானத்தில் முன்னைய ஐந்து விளையாட்டுகளோடு வர்த்தமானி அறிவித்தல்களும் அடங்கும்.

காத்திருத்தலின் இன்னொரு வடிவமும் இம்மக்களுக்குப் பழக்கமானது. மாசி மாதத்தில் தோட்டங்களில் நிகழும் காமன்கூத்துக்கு யாவரும் காத்திருப்பர். காமன் எரிவான், இரதி புலம்புவாள், காமன் எழுவான் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். முடிவு தெரிந்திருப்பதால் எதிர்பார்ப்புக் குறைவதில்லை. இவ்வாண்டு இரதியாக வருபவர் எவ்வாறு ஆடுவார், தப்பு எவ்வாறு ஒலிக்கும் என்பதிலேயே நாட்டம். காத்திருப்போரே ஆடுவோராகவும் கம்பம் நடுவோராகவும் இருத்தலால் ஏமாற்றத்தின் பொறுப்பும் பொதுவாகின்றது. விளையாட்டுச் சந்தையின் எதிர்பார்ப்பு 'என்ன நிகழும்' என்னும் மறைபொருளையே முதலாகக் கொண்டது. மறைபொருள் வெளிப்பட்டதும் முதல் கரைந்துவிடும். 2022 செப்டெம்பரில் ஆறாவது விளையாட்டின் தயாரிப்பு நிலைக் காட்சிகள் ஏறத்தாழத் தொண்ணூறு களவாகக் கசிந்தபோது நிறுவனம் அடைந்த கலக்கத்துக்கு இதுவே காரணம். கூத்துக்குக் கசிவு என்பது கிடையாது.

ஐயத்தையே தொழிலாகக் கொண்டோரை நான் புகழ முற்படவில்லை. எது வரினும் 'நான் அன்றே சொன்னேன்' என்பதற்காக முன்கூட்டியே பழிப்போர் உளர். அவர்கள் வினாவுவதில்லை, விடையை முடிவுசெய்தே வருகின்றனர். அதங்கோட்டாசான் நூலைக் கேட்டான் என்பதை அவர்கள் மறந்தனர். எதிர்பார்ப்பு வெறியாக மாறுவதும் உண்டு. 2016 இல் 'நோ மான்ஸ் ஸ்கை' சில வாரம் தள்ளிப்போனபோது அதன் தலைவருக்கும் செய்தியை வெளியிட்ட பத்திரிகையாளருக்கும் கொலை மிரட்டல்கள் வந்தன. 2020 இல் வார்சோப் பணியாளர்க்கும் அவ்வாறே வந்தன.

நம் இளைஞர் கவனிக்கத் தவறுவது இதையே எனத் தோன்றுகின்றது. தேதி தள்ளிப்போகும்போது எள்ளி நகைக்கின்றோம். தேதியைக் காக்க யார் என்ன கொடுத்தனர் எனக் கேட்பதில்லை. 'சைபர்பங்க்' முடிவதற்கு முந்திய வாரங்களில் பணியாளர் வாரத்துக்கு ஆறு நாள் உழைக்குமாறு பணிக்கப்பட்டனர். 2025 அக்டோபர் இறுதியில் ரொக்ஸ்டார் நிறுவனம் பிரித்தானியாவிலும் கனடாவிலும் முப்பதுக்கு மேற்பட்டோரைப் பணிநீக்கியது. தொழிற்சங்கம் அமைத்தமைக்கான பழிவாங்கல் இது எனப் பிரித்தானியத் தொழிற்சங்கம் குற்றஞ்சாட்டியது. இரகசியத் தகவலைப் பகிர்ந்தமையே காரணம் என நிறுவனம் மறுத்தது. ஒரு வாரத்தில் தேதியும் தள்ளிவைக்கப்பட்டது. இவ்விரு செய்திகளுள் உலக ஆட்டக்காரரைக் கலக்கியது இரண்டாவதே. கொழுந்தின் நிறை குறைந்தால் முழுப்பேர் போய் அரைப்பேர் விழும் என்பதையும், சங்கத்தில் சேர்ந்தமைக்காக வேலை இழந்த பாட்டன்மார் கதையையும் கேட்டு வளர்ந்தோர் முதலாவது செய்தியிலே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. விளம்பரத்தை ஐயுறக் கற்றுக்கொண்ட கண், விளம்பரத்தின் பின்னேயுள்ள உழைப்பைக் காணக் கற்றுக்கொள்ளவில்லை. தாம் அறிந்த வாழ்விலிருந்து தேதியைப் பற்றிய ஐயத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு எஞ்சியதைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டனர்.

2025 இல் அறிவிக்கப்பட்டவாறு ஆறாவது விளையாட்டு இரு புதிய பொறிகளுக்கு மாத்திரமே உரியது. மேசைக் கணினிக்கு நாள் குறிக்கப்படவில்லை. முன்னையது 2013 செப்டெம்பரில் வெளிவந்து, மேசைக் கணினிக்கு 2015 ஏப்பிரலிலேயே வந்தது. இடைப்பட்ட பத்தொன்பது மாதமும் பிறர் ஆடும் காட்சியைப் பார்த்தே அதனை அறிந்தோர் உலகில் ஏராளம். இம்முறையும் எல்கடுவ இளைஞர் அவ்வாறே அறிவர். கதையின் முடிவு, பிழைகள், திருத்தங்கள், பாராட்டு, வசை யாவும் அவர்களை முதலில் வந்தடையும். விளையாட்டு இறுதியில் வரும், அதுவும் வந்தால்தான்.